அடுக்களைக்குப் பின்னால் ஓர் அறை

பிரேசிலுக்குப் போகிறவர்களுக்கென்று எழுதப்பட்ட கையேடுகளை நிறையப் படித்துவிட்டுத்தான் நான் சாவோ பாலோவுக்குப் போனேன். சாவோ பாலோவில் கன்னத்தில் ஒரு முத்தம், ரியோவில் இரண்டு. வீட்டு விருந்துக்கு அழைத்தால் சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போய் நிற்கக் கூடாது. கொடுக்கும் காபியை மறுக்கக் கூடாது. சனிக்கிழமை மதியம் ஃபெய்ஜொவாடா, அதாவது கறுப்பு பீன்ஸும் பன்றி இறைச்சியும் சேர்த்து நெடுநேரம் வேகவைத்த உணவு. எல்லாம் மனப்பாடம்.

நான் தங்கிய வீட்டில் எல்லோருக்கும் முறைப்படி முத்தம் கொடுத்தேன். அடுக்களையிலிருந்து காபித் தட்டோடு வந்த பெண்மணியின் முன்னால் மட்டும் தயங்கி நின்றுவிட்டேன். இவருக்கும் முத்தம் உண்டா? கையேட்டில் அதற்கு ஒரு வரி இல்லை. சிரித்துவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டேன். பத்து நாள் அவர் சமைத்ததைச் சாப்பிட்டேன். ஊர் திரும்பியதும், பிரேசில்காரர்களைப் போல உபசரிக்க ஆளில்லை என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். உபசரித்தவரின் பெயர் எனக்குத் தெரியாது.

இதை எனக்கு உறைக்கச் செய்தது ஒரு திரைப்படம். அன்னா முய்லேர்ட் இயக்கி 2015இல் வெளிவந்த 'கி ஓராஸ் எலா வோல்ட்டா'. 'அவள் எத்தனை மணிக்குத் திரும்பி வருவாள்?' என்று பொருள். வடகிழக்கிலுள்ள பெர்னம்புகோவிலிருந்து வந்த வால், சாவோ பாலோவில் ஒரு பணக்கார வீட்டில் தங்கி வேலை பார்க்கிறார். அந்த வீட்டுப் பையன் ஃபபின்யோவை வளர்த்தவர் அவர்தான். அவருடைய சொந்த மகள் ஜெஸிக்கா எங்கோ தொலைவில் வளர்கிறாள். பல ஆண்டுகள் கழித்து, கட்டிடக்கலை படிக்க நுழைவுத்தேர்வு எழுத ஜெஸிக்கா அந்த வீட்டுக்கு வருகிறாள்.

அவளும் ஒரு விருந்தாளிதான். அடுக்களையை ஒட்டிய அம்மாவின் அறையில் கட்டில் போட்டால் நடக்க இடமில்லை. பிரேசிலின் பழைய அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் இப்படியொரு வேலைக்காரியின் அறை உண்டு. அவர் வந்து போகத் தனி வாசல், தனி லிஃப்ட். ஜெஸிக்காவோ காலியாகக் கிடக்கும் விருந்தினர் அறையில் தங்கலாமா என்று கேட்கிறாள். பையனுக்கென்று வாங்கிவைத்த விலையுயர்ந்த ஐஸ்கிரீமைச் சாப்பிடுகிறாள். பையன்கள் விளையாட்டாகத் தள்ளிவிட, நீச்சல் குளத்தில் நனைகிறாள். வீட்டுக்காரி பார்பரா எலியைப் பார்த்ததாகச் சொல்லிக் குளத்துத் தண்ணீரை இறைக்கச் செய்கிறாள்.

எது கூடும் எது கூடாது என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என மகள் கேட்கும்போது, இதெல்லாம் பிறக்கும்போதே தெரிந்திருக்கும் என்கிறார் வால். எனக்குப் படத்தின் மையம் இதுதான். முத்தத்துக்கும் காபிக்கும் கையேடு எழுதலாம். அடுக்களைக் கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் விதிகளுக்குக் கையேடு கிடையாது. அவை எழுதப்படாமல் இருப்பதால்தான் வெளியிலிருந்து வரும் நம் கண்ணில் படுவதில்லை. படாதவரை அந்த நாட்டின் பண்பாடு நமக்கு இனிப்பாகவே இருக்கும்.

இந்த விதிகளுக்கு வரலாறு உண்டு. பிரேசிலில் அடிமைமுறை 1888இல்தான் ஒழிந்தது. சான்டோஸ் நகரில் லவ்டெலினா டி கம்போஸ் மெலோ என்ற கறுப்பினப் பெண் 1936இல் வீட்டுப் பணியாளர்களுக்கான சங்கத்தைத் தொடங்கினார். ஆனால் 1943இன் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வீட்டுப் பணியாளர்களை வெளியே நிறுத்தியது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 44 மணி நேரம், அதற்கு மேல் உழைத்தால் கூடுதல் ஊதியம் என்ற உரிமைகள் 2013இன் அரசியலமைப்புத் திருத்தத்தில்தான் அவர்களுக்குக் கிடைத்தன.

படத்தின் மீது எனக்கு இரண்டு மனக்குறைகள். ஒன்று, குடும்பச் சொத்துக்கு உரியவனான கணவன் கார்லோஸ் எதற்கும் பொறுப்பேற்காமல் தப்பித்துக்கொள்கிறான். தன் வீட்டில் தங்க வந்த இளம்பெண்ணிடம் திருமணப் பேச்சை எடுக்கும் அவனைப் படம் பரிதாபத்துக்குரியவனாகக் காட்டி விட்டுவிடுகிறது. வெறுப்பை முழுதாகச் சுமப்பவள் பார்பரா. 'அவள் எப்போது வருவாள்' என்ற கேள்வி இரண்டு தாய்களைச் சுற்றுகிறது. அவன் எப்போது வருவான் என்று எந்தக் குழந்தையும் கேட்பதில்லை.

மற்றது, இனம். வாலை வடகிழக்குக்காரராக, ஏழையாகக் காட்டும் படம், இந்த வேலையில் கறுப்பினப் பெண்களே பெரும்பான்மை என்பதைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் லேலியா கொன்ஸாலெஸ் 1980களிலேயே இதைத் தொட்டிருக்கிறார். கார்னிவல் மேடையில் போற்றப்படும் கறுப்பினப் பெண்ணும் மற்ற நாட்களில் வீட்டு வேலை செய்பவளும் ஒருத்தியே என்றார் அவர். பிரேசிலின் அரசு சுற்றுலா நிறுவனமே 1970களில் நீச்சலுடைப் பெண்களின் படங்களைக் காட்டித்தான் வெளிநாட்டினரை அழைத்தது. சுவரொட்டியில் உடலாக மட்டும் தெரிந்தவள், வீட்டுக்குள் கையாக மட்டும் தெரிகிறாள். இரண்டு இடத்திலும் விருந்தாளி அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

கடைசியில் வால் வேலையை விடுகிறார். பார்பராவுக்குத் தான் பரிசளித்த, அவள் விருந்தில் வைக்கத் தகாதது என்று ஒதுக்கிய காபிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வந்து, மகளோடு சேர்ந்து தானே குடிக்கிறார். அந்தக் காட்சியில் எனக்கு நான் குடித்த காபி நினைவுக்கு வந்தது. அன்று பெயரைக் கேட்டிருந்தால் மட்டும் அந்தப் பெண்மணியின் வேலைநேரம் குறைந்திருக்காது. ஆனால் எத்தனை மணிக்கு அவர் வீடு திரும்புகிறார், அங்கே யார் காத்திருக்கிறார்கள் என்ற அடுத்த கேள்விகளுக்கு அதுதான் வாசல். பிரேசிலுக்குப் போகும் தோழிகளிடம் நான் இப்போது முத்தக் கணக்கோடு இதையும் சேர்த்துச் சொல்கிறேன்.