ஆறு மணி நேரத்துக்குள் ஒரு ஸ்கேன்

ஒரே நிமிடத்தில் உச்சத்தைத் தொடும் தலைவலியோடு ஒருவர் அவசரப் பிரிவுக்கு வந்தால், மூளை உறைகளுக்கிடையே ரத்தம் கசிந்திருக்குமோ என்றுதான் மருத்துவர் முதலில் அஞ்சுவார். பெரும்பாலும் ரத்தக்குழாயில் புடைத்திருந்த இடம் வெடித்து வரும் கசிவு அது. இன்று தவறவிட்டால், மறுமுறை வெடிக்கும்போது பிழைப்பது கடினம்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீரை எடுத்துப் பார்ப்பதே நெடுங்கால வழக்கம். ஊசி பட்டுக் கசிந்த ரத்தமே நீரில் கலந்து மருத்துவரைக் குழப்புவதும் உண்டு. 2011-இல் கனடாவில் ஜெஃப்ரி பெரி குழுவினர் வெளியிட்ட ஆய்வு இந்த வழக்கத்தை அசைத்தது. வலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் சிடி ஸ்கேன் எடுத்த 953 பேரில் கசிவு இருந்தவர்கள் 121 பேர். அத்தனை பேரையும் ஸ்கேனே காட்டிக்கொடுத்தது. பலருக்கு ஊசியைத் தவிர்த்த நல்ல மாற்றம் இது.

ஆனால், நேரம் கடந்தபின் எடுத்த ஸ்கேன்களில் கசிவு இருந்தவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேர் நழுவினார்கள். அந்த ஆறு மணிக் கணக்கு தொடங்குவதோ நோயாளியின் வாய்மொழியிலிருந்து. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு, இரவைக் கழித்து, விடிந்தபின் பேருந்தேறி வருகிறவருக்கு இந்த விதி பொருந்தாது. ரத்தசோகை கடுமையாக இருந்தாலும் கசிந்த ரத்தம் படத்தில் மங்கிவிடும். மாத்திரையில் வலி தணிந்ததும் ஆபத்தில்லை என்பதற்குச் சான்றல்ல.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. ‘ரத்தம் கசிந்ததா?’ என்ற ஒரு கேள்விக்குத்தான் அந்த ஸ்கேன் விடை சொல்கிறது. ‘ஸ்கேன் நார்மல்’ என்றதும் காரணத்தைத் தேடுவதே நின்றுவிடுகிறது. கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். மூளையின் ரத்தக்குழாய்கள் விட்டுவிட்டுச் சுருங்கி, சில நாள்களுக்குள் அதே வலி திரும்பத் திரும்ப வரலாம். சாதாரண ஸ்கேனில் இவை தெரியாமலே போகக்கூடும்.

பிள்ளை பெற்றவளுக்கு மூளையின் சிரையில் ரத்தம் உறைவதும் இப்படித்தான். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் பழக்கம் உள்ள நம் ஊர்களில் இது அரிதென்று ஒதுக்கத்தக்கதல்ல. உடலில் நீர் வற்றுவது உறைதலுக்குத் துணைபோகும். எப்போது பிரசவம், பார்வை மங்குகிறதா, வலிப்பு வந்ததா என்று கேட்டால் சந்தேகம் எழும். எழுந்தால், அதே இயந்திரத்தில் சாய மருந்து செலுத்திச் சிரைகளையும் படம் எடுத்துவிடலாம்.