ஊசி யார் கையில்? ஊதியம் யார் பையில்?

கரிக்கலாம்பாக்கம் போன்ற சிற்றூர்களிலும் இன்று ஆரி ஊசிக்கு ஆதரவு பெருகிவிட்டது. "பழங்கலை தழைக்கிறது, பெண்களுக்கேற்ற பொழுதுபோக்கு" என்று புகழ்மாலை சூட்டுகின்றனர் பலர். கலையை நாம் பழிக்கவில்லை. கொக்கி ஊசியால் சங்கிலித் தையலிட்டுத் துணியில் மலரை மலர்விக்கும் விரல்கள் போற்றத்தக்கவையே. ஆனால், அந்தப் புகழுரையை உரைத்துப் பார்க்க வேண்டாமா?

ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் மரியா மீஸ், கோதாவரிக் கரை நரசாபுரத்தில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி 1982-இல் நூலொன்று வெளியிட்டார். வீட்டுவேலையோடு நாள்தோறும் 6 முதல் 8 மணி நேரம் பின்னியவர்களை, 'ஓய்வு நேரத்தில் பின்னும் இல்லத்தரசிகள்' என்றது உலகம். லேஸ் கடல் கடந்தது. இலாபம் வணிகரைச் சேர்ந்தது. 'ஓய்வு' என்ற ஒரு சொல்லே கூலியை வெட்டும் கத்தரியாயிற்று!

ஆண் ஊசி பிடித்தால் தொழில். பெண் பிடித்தால் பொழுதுபோக்கா? இதுவா நீதி?

1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. தன் உழைப்புக்குத் தானே விலை கூறுவதும் அவ்வுரிமையின் வழிவந்ததே. தோழியரே, தைத்த மணிகளைக் கணக்கெழுதிக் கூலி கேளுங்கள்! தோழர்களே, வீட்டுவேலையில் பாதியை ஏற்றுக்கொள்ளுங்கள்! கலை வளரட்டும், அடிமைத்தளை அறுபடட்டும்!