உள்ளத்துக் கடனும் கணக்கேடும்

பெற்றோர்–பிள்ளை உறவு பற்றிய பிலிப்பைன்ஸ் பாடல்களுள் கடல் கடந்து புகழ்பெற்றது, பிரெடி அகிலார் 1978 இல் பாடிய ‘அனாக்’. தகாலோக் மொழியில் பிள்ளை என்பது அச்சொல்லின் பொருள். இரவெல்லாம் கண்விழித்த பெற்றோர், வழிதவறிய பிள்ளை, காலங்கடந்த கண்ணீர், இவ்வளவே பாட்டு. நெஞ்சை உருக்குகிறது, மறுப்பதற்கில்லை. ஆயினும் அதன் கணக்கேட்டில் கொடுத்தவர் பெற்றோர், கடன்பட்டவர் பிள்ளை. வேறு வரி கிடையாது.

அதே பெயரில் 2000 இல் வெளிவந்த திரைப்படம் இக்கணக்கைத் தலைகீழாக்கிற்று. ரோரி குயின்தோஸ் இயக்கிய அப்படத்தில், ஹாங்காங்கில் வீட்டுவேலை செய்து ஊர் திரும்பும் தாயாக வில்மா சாந்தோஸ் நடித்தார். பணம் வந்தது, தாய் வரவில்லையே என்பது மூத்த மகளின் வழக்கு. இறுதியில் கையிருப்புக் கரைய, தாய் மீண்டும் விமானம் ஏறுகிறாள். அம்முடிவில் பொய்யில்லை, படத்தின் மேன்மையே அதுதான் என்போம்.

எனினும் நமக்கொரு குறையுண்டு. பாட்டும் படமும் நடுவில் நிறுத்தாத ஒருத்தி இருக்கிறாள்: வெளிநாடு சென்ற மகளின் முதிய தாய். மகள் அனுப்பும் பணத்தை அவள் வாங்குகிறாள். கப்பலில் வரும் ‘பாலிக்பாயன்’ பெட்டியைப் பிரித்து, சோப்பும் டப்பா இறைச்சியும் உறவினர்க்குப் பங்கிடுகிறாள். பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புபவளும் அவளே. காய்ச்சல் கண்ட இரவில் விழித்திருப்பவளும் அவளே. இவள் பெறுபவளா, கொடுப்பவளா? ‘உத்தாங் ந லோஓப்’, அதாவது உள்ளத்துக் கடன், என்று அம்மக்கள் சொல்வது நம் செஞ்சோற்றுக் கடனுக்கு அண்மையது. அது இருபுறமும் ஓடுவதைக் கலைஞர் காட்ட வேண்டாமா? வளைகுடாப் பணத்தை எதிர்நோக்கும் காயல்பட்டினத்து, கீழக்கரை வீடுகளுக்கு இஃது அயல்கதையன்று.

முதியோரைப் பேணுதல் குடும்பத்தின் கடமை என்கிறது அந்நாட்டின் 1987 அரசியலமைப்பு. அரசும் பேணலாம் என்று பின்னர் சேர்க்கிறது. அந்த ‘லாம்’ எத்துணை மெலிந்தது! வறிய முதியோர்க்கான மாத உதவித்தொகை 500 பெசோவாக இருந்து, 2022 ஆம் ஆண்டுச் சட்டத்தால் 1000 ஆயிற்று. எஞ்சிய சுமை தூரதேசத்துப் பிள்ளையின் தோளில். பெற்றோரைக் கைவிடுவோரைத் தண்டிக்கும் மசோதாவைச் செனட்டர் பான்ஃபிலோ லாக்சன் 2025 இல் மீண்டும் கொணர்ந்தார். கைவிடுதல் கொடிது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அம்மசோதாவும் பாட்டின் பழைய கணக்கேட்டையே புரட்டுகிறது. ‘லாம்’ என்று சொல்லி ஒதுங்கிய அரசின் பெயர் அந்த ஏட்டில் கடன்பட்டோர் வரிசையில் இல்லை.

அம்முதியவளின் சமையற்கட்டிலிருந்து, பெட்டியைப் பிரிக்கும் அக்கைகளிலிருந்து தொடங்கும் படம் ஒன்றையே நாம் வேண்டுகிறோம்.