செயற்கைக்கோளிடம் ஒரு வேண்டுதல்

பங்கு இல்லத்தின் முன்னறையில் அமர்ந்து ஒரு தாய் தம் மகளைப் பற்றி நம்மிடம் முறையிட்டார். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்ட செய்தியன்று இது. வெளிப்படையாகப் பேசிய பேச்சு. இங்கு எழுத இருவரும் இசைவு தந்துள்ளனர். மகள் கல்லூரியில் இறுதியாண்டு மாணவி. சாலை விபத்தில் அண்ணனை இழந்து ஓராண்டு கடந்திருந்தது. “சாமி, ராத்திரி முழுக்கக் காதுல அதை மாட்டிக்கிட்டு, ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு அழுவறதையே கேட்டுக்கிட்டுக் கிடக்கா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவா” என்றார் தாய்.

அதற்கு முந்தைய தவக்காலத்தில்தான், சோகப் பாடல்கள் அவநம்பிக்கைக்குக் கதவைத் திறந்துவிடுகின்றன என்று மறையுரையில் சற்றுக் கடுமையாகவே பேசியிருந்தோம். அதை நினைவில் வைத்தே அந்தத் தாய் வந்திருந்தார். ஆனால் அத்தகைய பாடல் ஒன்றையேனும் முழுமையாகக் கேட்டுவிட்டா அப்படிப் பேசினோம்? இல்லை. எனவே அறிவுரை கூறுமுன் கேட்டுவிடுவதே முறை என்று எண்ணி, அந்தப் பெண்ணிடமே இசைத்தொகுப்பின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டோம். அவர் நம்மைச் சற்று ஐயத்தோடுதான் பார்த்தார்.

தொகுப்பின் பெயர் ‘பனிஷர்’. பாடியவர் ஃபீபி பிரிட்ஜர்ஸ் என்னும் அமெரிக்கப் பெண். 1994இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். (ஃபீபி என்பது உரோமையர் திருமுகத்தின் இறுதி அதிகாரத்தில் பவுலடியார் பரிந்துரைக்கும் பெபேயாவின் பெயரே. பாடகிக்கு அது தெரியுமோ என்னவோ, நமக்கு அது ஒரு சிறு மகிழ்ச்சி.) பெருநிறுவனங்களைச் சாராத வெளியீட்டகங்களின் வழி வருவதால் ‘இண்டி’ என்று பெயர் பெற்ற இசைமரபைச் சார்ந்தவர் இவர். 2017இல் வந்தது முதல் தொகுப்பு, இது இரண்டாவது. 2020ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், உலகம் நோய்த்தொற்றில் வீடடைந்து கிடந்த வேளையில் வெளிவந்தது. பதினொரு தடங்கள், முதலாவது வெறும் இசைக்கருவிகளால் ஆன முகவுரை. மொத்தம் நாற்பது நிமிடங்கள். அடுத்த ஆண்டின் கிராமி விருதுகளில் பாடகிக்கு நான்கு பரிந்துரைகள் இருந்தன, விருது ஒன்றும் கிடைக்கவில்லை. அட்டையில் இரவு வானத்தின்கீழ் எலும்புக்கூட்டுச் சட்டையணிந்து அண்ணாந்து நிற்கிறார் பாடகி. அந்த அண்ணாந்த முகத்தை வாசக அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

முதல் இரவில் நமக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆங்கிலம் விளங்காமலில்லை, அந்தக் குரலுக்கு நம் செவி பழகவில்லை. நாம் வளர்ந்தது கோவிலின் உயரத்தையும் ஊரின் பரப்பையும் நிரப்பும் குரல்களைக் கேட்டு. இவரோ தலையணைக்கு மறுபுறம் படுத்திருப்பவரிடம் பேசுவதுபோல் பாடுகிறார். தம் குரலைத் தாமே இருமுறை பதிவு செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறார்; ஒருவரே தமக்குத் தாமே துணையாக நிற்பதுபோல் ஒலிக்கிறது. சில சொற்கள் நம் காதைக் கூசவைத்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. இரண்டாம் இரவில் வரிகளை எழுத்தில் வைத்துக்கொண்டு கேட்டோம். மூன்றாம் இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டோம்.

இலக்கணம் பயின்றோர்க்கு ஒரு செய்தி எளிதில் விளங்கும். இப்பாடல்களில் ஏறத்தாழ எல்லாமே முன்னிலையில் அமைந்தவை. ‘நீ’ என்று யாரையேனும் விளித்தே இவர் பாடுகிறார். அந்த ‘நீ’யோ ஒருபோதும் அறையில் இருப்பதில்லை.

தலைப்புப் பாடலை எடுத்துக்கொள்வோம். பனிஷர் என்பது நேர்ப்பொருளில் தண்டிப்பவர். இசைக்கலைஞர்களின் வழக்கிலோ, நிகழ்ச்சி முடிந்து களைத்து நிற்பவரை விடாது பிடித்துக்கொண்டு பேசித்தீர்க்கும் இரசிகரைக் குறிக்கும். இப்பாடல் விளிக்கும் ‘நீ’, எலியட் ஸ்மித் என்ற பாடகர். அவர் 2003இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மறைந்தபோது இவருக்கு வயது ஒன்பது. நேரில் கண்டிராத அவரைச் சந்தித்திருந்தால் தாமும் அவருக்கு அத்தகைய தொல்லையாகத்தான் இருந்திருப்போம் என்று நாணத்தோடும் நகைப்போடும் கற்பனை செய்கிறார். இறந்தவர் ஒருவர் தம் தெருவில், தம் நகரத்தில், தம் பாட்டில் இன்னும் உடனிருப்பதாக உணரும் இந்த மனநிலை, புனிதர்களின் உறவு ஒன்றிப்பை அறிக்கையிடும் நமக்கு அவ்வளவு அயலானதா? அந்தோணியார் சுரூபத்தின் முன் நின்று மணிக்கணக்கில் பேசும் நம் பாட்டிமார்களும் ஒருவகைப் பனிஷர்களே. ஒரேயொரு வேறுபாடு: பாட்டிக்குத் தாம் கேட்கப்படுகிறோம் என்பதில் ஐயம் இல்லை.

‘கியோட்டோ’ என்ற பாடலில் அந்த ‘நீ’ தந்தை. குடிப்பழக்கத்தால் குடும்பத்தைக் காயப்படுத்தி, பின்னர் திருந்திக் கடிதம் எழுதும் தந்தை. இசை மட்டும் எக்காளங்களோடு திருவிழாப்போல் துள்ளுகிறது. மன்னிப்பை மறுக்கும் மகள், அம்மறுப்பையும் இறுதியானதாக்கத் துணியாமல் அடுத்த கணமே பின்வாங்குகிறாள். ஒப்புரவுத் தொட்டியில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அமர்ந்த பழக்கத்தில் சொல்கிறோம்: மன்னிக்க முடியாத மனிதர் உண்மையில் பேசும் மொழி இதுதான். ‘மன்னித்துவிட்டேன்’ என்று மனப்பாடமாய்ச் சொல்வோர் பலரைவிட இந்த மகள் மன்னிப்புக்கு அருகில் நிற்கிறாள்.

நம்மை உண்மையில் நிறுத்திவைத்த பாடல் ‘சைனீஸ் சாட்டிலைட்’. தம்மைவிட்டு நீங்கிய ஒருவரை எண்ணி வானத்தைப் பார்த்து நிற்கிறார் பாடகி. விண்மீன் தேடிய இடத்தில் தென்படுவதோ செயற்கைக்கோள். அதை நோக்கியேனும் ஒன்றை வேண்டிக்கொள்ளும் நிலை. நரகத்தைக் காட்டி அச்சுறுத்தும் பதாகைகளோடு தெருமுனையில் நிற்போரைக் காண்கிறார். அவர்களை எள்ளி நகையாடிவிட்டுக் கடந்துபோயிருக்கலாம். இவர் தலைமுறையின் வழக்கம் அதுவே. இவரோ, போனவரை மறுபடி காண முடியுமென்றால் அவர்களோடு சேர்ந்து நிற்கவும் தாம் அணியம் என்கிறார். நம்ப விரும்புகிறார்; நம்ப இயலவில்லை; இயலாமையைப் பெருமையாகவும் கொண்டாடவில்லை. வயலின்கள் எழும்பி எழும்பி எங்கோ சேரப்போவதுபோல் வந்து, எங்கும் சேராமல் கலைகின்றன.

கீழ்த்திசை ஞானிகளுக்கு வழிகாட்டிய விண்மீனைப் பற்றி ஆண்டுதோறும் திருக்காட்சிப் பெருவிழாவில் பேசுகிறோம். அந்த விண்மீனைக் காணாதவர் என்ன செய்வார் என்று ஒருமுறையேனும் பேசியதுண்டா?

அந்தப் பெண்ணை மறுபடி சந்தித்தபோது, ஏன் இந்தப் பாடல் என்று கேட்டோம். அண்ணன் இறந்தபின் எல்லாரும் தமக்கு ஏதேனும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள் என்றார். “கடவுளோட சித்தம், நல்லவங்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கிறார், அழாதே, அம்மாவைப் பாத்துக்கோ... இதுல யாருமே பதில் சொல்லலை ஃபாதர். அதான்.” அடக்கத் திருப்பலியில் மறையுரை ஆற்றியவர் நாமே. அந்தப் பட்டியலின் முதல் இரண்டு வாசகங்கள் நம்முடையவை. அதை அவர் குறிப்பிடவில்லை, குறிப்பிடத் தேவையுமில்லை.

வெள்ளிதோறும் குருக்களும் துறவியரும் திருப்புகழ்மாலையின் இரவுச் செபத்தில் வேண்டும் திருப்பாடல் 88 நினைவுக்கு வருகிறது. புலம்பல் வகைத் திருப்பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்கோ புகழ்ச்சிக்கோ திரும்பிவிடும். இது திரும்புவதில்லை. தோழமை அகன்றதைச் சொல்லி, இருளில் முடிகிறது. எபிரேய மூலத்தில் கடைசிச் சொல்லே இருளைக் குறிப்பது. குருமடத்தில் இதைக் கற்பித்த பேராசிரியர், கிறிஸ்துவின் பாடுகளுக்கு இதை எவ்வாறு பொருத்துவது என்பதை நன்கு விளக்கினார். அதன்பின் வாரந்தோறும் வாயால் வேண்டினோம். பதிலில்லாத ஒரு பாடலைத் திருச்சபை வேண்டுமென்றே நம் உறக்கத்தின் வாசலில் வைத்திருக்கிறது என்பது, செயற்கைக்கோளைப் பற்றிய பாடலைக் கேட்ட பின்னரே நமக்கு உறைத்தது.

ஆயினும் இரண்டும் ஒன்றென்று சொல்லிவிடுதல் எளிது, பொய்யும்கூட. திருப்பாடலின் ஆசிரியர் இருட்டிலும் ‘நீர்’ என்கிறார். கடவுளைக் குற்றஞ்சாட்டக் கடவுளிடமே போகிறார். இப்பாடகிக்கு மேலே அந்த முன்னிலை இல்லை. கீழே எத்தனையோ ‘நீ’க்களை விளித்தவர், வானத்தை நோக்கும்போது மட்டும் யாரை விளிப்பது என்று அறியாமல் நிற்கிறார். சிலுவை அருளப்பரின் இருண்ட இரவோடு இதை ஒப்பிட ஓர் ஆசை எழத்தான் செய்தது, அடக்கிக்கொண்டோம். காதலரை அறிந்தபின் தேடும் இருள் அது. இதற்குச் சற்று அருகில் வருபவர் குழந்தை தெரேசம்மாள். 1896 உயிர்ப்பு விழாக்காலம் தொடங்கி, 1897 செப்டம்பரில் தம் இருபத்து நான்காம் வயதில் இறக்கும்வரை, வானகம் உண்டென்ற உணர்வே அற்றுப்போன நிலையில் அவர் வாழ்ந்தார். நம்பிக்கையற்றோரின் பந்தியில் அமர்ந்து அவர்களுடைய கசப்பான அப்பத்தை உண்பதாகத் தம்மைக் கருதினார். அவர்களைக் கரையேற்றிவிட அவசரப்படாமல் அவர்களோடு அமர்ந்தார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. பாடகியை ‘தம்மையறியாமலே கிறிஸ்தவர்’ என்று நம் கணக்கில் வரவு வைப்பதும் ஒருவகைத் திருட்டு. அவர் இல்லை என்றால் இல்லை என்றே விட வேண்டும்.

இனி, குறைகளையும் சொல்லியாக வேண்டும். துயரத்தைக் கேட்டு இன்புறும் மனத்தைப் பற்றி அகுஸ்தினார் தம் அறிக்கை நூலின் மூன்றாம் பகுதியில் ஆராய்கிறார். கார்த்தேஜ் நகரின் நாடக அரங்குகளில் பொய்த் துயரங்களுக்கு அழுது மகிழ்ந்த தம் இளமையை நினைத்து, தான் பட விரும்பாத துன்பத்தை மனிதன் ஏன் பார்க்க விரும்புகிறான் என்று வியக்கிறார். நம் மரபு இதற்கு அவ்வளவு அஞ்சவில்லை. நெய்தலுக்கு இரங்கலையே உரிப்பொருளாக வைத்துக் கடற்கரை முழுவதையும் அதற்கு ஒதுக்கியது. எனினும் அகுஸ்தினாரின் கேள்வி ‘மூன் சாங்’ என்ற பாடலின்மேல் விழத்தான் செய்கிறது. தம்மை மதிக்காத ஒருவருக்குத் தம்மை முற்றிலும் கையளித்துவிடும் பெண்ணின் குரல் அது. தான் கவ்விவந்த பறவையை வாசலில் வைத்துக் காத்திருக்கும் நாயாகத் தன்னைக் காண்கிறாள். மெட்டோ தேன். தற்கொடை வேறு, தன்னழிவு வேறு. இரண்டின் நடுவிலுள்ள கோட்டை அந்த இனிமை மழுங்கச் செய்துவிடுகிறது என்பது நம் தீர்ப்பு. ‘ஹாலோவீன்’ பாடலும் தன் சோகத்தில் தேவைக்கு மேல் சற்றுத் தங்கிவிடுகிறது.

இதற்கு மாற்று அதே தொகுப்பில் ‘கிரேஸ்லேண்ட் டூ’ என்ற பாடலில் இருக்கிறது. வீட்டைவிட்டுக் காரோட்டிச் செல்லும் ஒரு பெண். அவளுக்காக எதையும் செய்ய முனையும் தோழமை. பாஞ்சோ மீட்டும் எளிய நாட்டுப்புற நடை. முடிவில் ஜூலியன் பேக்கர், லூசி டாக்கஸ் என்னும் இரு தோழியர் தம் குரல்களைச் சேர்க்கின்றனர். ‘நீ கேட்டால் செய்வேன்’ என்னும் அதே ஒப்படைப்புத்தான். ஆனால் ஒருத்தி தனியே சொன்னபோது அடிமைத்தனமாய் ஒலித்தது, மூவர் சேர்ந்து சொல்லும்போது உறுதிமொழியாகிவிடுகிறது. தம் குரலையே தமக்குத் துணையாக்கிக்கொண்டவர்க்கு இப்போது பிறர் குரல் துணை வருகிறது.

கடைசிப் பாடல் ‘ஐ நோ தி எண்டு’. உலக முடிவைப் பற்றியது. தாலாட்டுப்போல் தொடங்கி, நெடுஞ்சாலையில் விரைந்து, ஊதுகருவிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, பலர் கூடி எழுப்பும் பேரொலியாகிப் பின் அலறலாகிறது. ஏறத்தாழ ஆறு நிமிடம். ஈற்றில் குரல் தீர்ந்து வெறும் மூச்சு மட்டும் கேட்கிறது. நாம் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டோம். மறுநாள்தான் முழுதும் கேட்டோம். தலையணைக்கு மறுபுறம் தொடங்கிய குரல் ஒரு கூட்டத்தின் நடுவே வந்து முடிகிறதே என்று அப்போது தோன்றியது. நோய்த்தொற்றுக்கு முன்பே உருவான பாடல் இது. கூட்டமே கூட முடியாத ஆண்டில் போய்ச் சேர்ந்தது.

அந்தத் தாயிடம் நாம் எந்த அறிவுரையும் சொல்லவில்லை. ஓர் இரவு மகளோடு அமர்ந்து, மொழி புரியாவிட்டாலும் அந்த நாற்பது நிமிடத்தையும் கேட்கும்படி மட்டும் வேண்டினோம். கேட்டாராம். பாதியில் மகன் பெயரைச் சொல்லி அழுதாராம். மகள் இசையை நிறுத்தவில்லையாம்.

இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் அந்தப் பெண்ணிடம் படிக்கக் கொடுத்தோம். ‘மூன் சாங்’ பற்றிய பத்தியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் திருப்பித் தந்தார். “இது தப்பு ஃபாதர். அந்தப் பாட்டு அந்த நாயை அழகாக் காட்டலை. நம்மளை வெட்கப்பட வைக்குது. திரும்ப ஒரு தடவை கேளுங்க” என்றார். கேட்டோம். நம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பத்தியை அப்படியே விட்டிருக்கிறோம். ஆனால் அவர் போட்ட கோட்டை அழிக்கவும் இல்லை.