தஞ்சைப் பெரிய கோவில் உள்சுற்று ஓவியங்கள்

தஞ்சைப் பெரிய கோவில் கருவறையைச் சூழ்ந்த குறுகலான உள்சுற்றுப் பாதையின் சுவர்களில் முதலாம் இராசராசன் காலத்து ஓவியங்கள் உள்ளன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி 1931-ல் இவற்றைக் கண்டறிந்தார். அதுவரை அங்கே தெரிந்தவை தஞ்சை நாயக்கர் கால ஓவியங்கள். அவற்றின் சுண்ணப்பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியிலிருந்த சோழர் ஓவியம் வெளிப்பட்டது.

இவற்றுள் அதிகம் பேசப்படுவது சுந்தரர் கதை. திருமணப் பந்தலுக்குள் முதியவராக வந்த சிவன் ஓலையைக் காட்டி வழக்காடுகிறார். சபையோர் முகங்களில் திகைப்பு. அருகே திருமண விருந்துக்குச் சமையல் நடக்கிறது. மேலே சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலாயம் செல்கின்றனர். இதைப் பெரியபுராணக் காட்சி என்று எழுதும் வழக்கம் உண்டு. அது பொருந்தாது. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில்; ஓவியம் அதற்கு நூறாண்டுக்கும் மேல் மூத்தது. சுந்தரர் யானையேறிச் சென்றதை அவரது நொடித்தான்மலைப் பதிகமே சொல்கிறது. ஆகவே ஓவியத்தைக் காவியத்தின் விளக்கப்படமாகப் பார்ப்பதைவிட, காவியத்துக்கு முன்பே அக்கதை எந்த அளவுக்கு முழுவடிவம் பெற்றிருந்தது என்பதற்குச் சான்றாகக் கொள்வதே சரி.

கலைநோக்கில் உச்சம் திரிபுராந்தகர் ஓவியம்தான். பிரம்மன் தேரோட்ட, சிவன் எட்டுக் கைகளுடன் வில்லேந்தி நிற்கிறார். எதிரே அசுரர்கள், அவர்களை அச்சத்துடன் பற்றிக்கொண்டிருக்கும் பெண்கள். சினமும் புன்னகையும் ஒரே முகத்தில் அமைந்திருப்பதைப் பலரும் வியந்திருக்கிறார்கள். ஆனால் ஓவியத்துக்கு எடை தருபவர்கள் அந்தப் பெண்களே. அழிக்கப்படுகிறவர்களின் துயரத்தையும் ஓவியர் மறைக்கவில்லை. புத்தகப் படங்களில் இந்த ஓவியம் முழுமையாக ஒரே பார்வையில் கிடைக்கிறது. நேரில் அப்படி அல்ல. பின்னால் விலகி நின்று பார்க்கப் பாதையில் இடமில்லை. பகுதி பகுதியாக, மிக அருகில் நின்றுதான் காணமுடியும்.

இராசராசனும் கருவூர்த்தேவரும் என்று நாட்காட்டிகள் வரை பரவிய படத்தைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. ஓவியத்தில் பெயர் எழுதப்படவில்லை. அடையாளம் பிற்கால ஆய்வாளர்களின் ஊகம், மறுத்தவர்களும் உண்டு. அரசனின் முகத்தைக் காணும் ஆசை ஊகத்தை உண்மையாக மாற்றிவிட்டது. அந்த ஓவியங்களைத் தீட்டியவர்களோ பெயரில்லாமலே இருக்கிறார்கள். இதே கோவிலின் கல்வெட்டுகள் பெருந்தச்சன் குஞ்சரமல்லனைக் குறிப்பிடுகின்றன. 400 தளிச்சேரிப் பெண்டுகளையும் பட்டியலிடுகின்றன.

மேல் அடுக்கில் இருந்த நாயக்கர் ஓவியங்களைத் திரை என்றும், சோழர் கலையை மறைத்த குற்றம் என்றும் எழுதுவது நியாயமல்ல. கோவில் வழிபாட்டில் இருந்தது. பழுதடைந்த சுவரைப் புதிதாகப் பூசித் தம் காலத்துப் பாணியில் தீட்டுவது அன்றைய புரவலர்களுக்குத் திருப்பணி. மேற்பூச்சே அடியிலிருந்த வண்ணங்களைப் புகையிலிருந்தும் கைகளிலிருந்தும் காத்தது என்றும் சொல்லலாம். வண்ணம் தட்டையாக, கோடு அழுத்தமாக அமைந்த நாயக்கர் பாணியைச் சோழர் ஓவியத்தின் அளவுகோலால் அளந்தால் அது தோற்கத்தான் செய்யும். 17-ம் நூற்றாண்டுத் தஞ்சையின் ஆடை, அணிகலன், சடங்கு ஆகியவற்றை அறிய விரும்புபவருக்கு அது முதன்மைச் சான்று.

இந்தியத் தொல்லியல் துறை நாயக்கர் அடுக்கின் சில பகுதிகளைச் சேதமின்றிப் பெயர்த்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்தது. சுரண்டி எறிவதோடு ஒப்பிட்டால் இது மேலான வழிதான், ஐயமில்லை. எனினும் சுவரோவியத்துக்குச் சுவரும் ஒரு பகுதி. பாதையில் வலம்வருபவர் ஒன்றன்பின் ஒன்றாகக் காண்பதற்காகத் தீட்டப்பட்ட காட்சிகள், பலகையில் தனித்தனிப் படங்களாகிவிட்டன. உள்சுற்றோ பாதுகாப்புக் காரணமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதில்லை. இன்று பெரும்பாலானோர் இரண்டு அடுக்குகளையும் அவற்றின் இடத்தில் பார்ப்பதில்லை: சோழர் ஓவியத்தைப் புகைப்படத்திலும் நாயக்கர் ஓவியத்தைப் பலகையிலும் பார்க்கிறார்கள்.