பாக்சைட் மலையின் நீலப் பூ

ஹைட்ராஞ்சியா என்றால் எல்லாரும் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கை காட்டுவார்கள். காட்டட்டும். என் கட்சி ஏற்காடுதான். சேர்வராயன் மலையின் உச்சிகளில் இருப்பது பாக்சைட். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்தும் வெட்டிக்கொண்டு போனார்கள். ஹைட்ராஞ்சியாவை நீலமாக்குவதும் அதே அலுமினியம்தான்! மற்ற ஊர்க்காரர்கள் அந்த அலுமினியத்துக்காகப் படிகாரத்தைக் கரைத்து ஊற்றிக் காத்துக் கிடக்கிறார்கள். எங்களுக்கு மலையே படிகாரப் பானை.

மண்ணின் பி.எச். 5.5-க்குக் கீழே இருந்தால் அலுமினியம் கரைந்து வேர் வழியாக ஏறி, பூவின் நிறமியோடு சேர்ந்து நீலம் காட்டும். 6.5-ஐத் தாண்டினால் அது மண்ணோடு இறுகிப்போகும். பூ ரோஸ் நிறமாகிவிடும். வெள்ளை ரகம் மட்டும் எந்த மண்ணுக்கும் மசியாது. என் வீட்டுத் திண்ணை ஓரம் ஒரு செடி நிற்கிறது. சுவர்க் காரையின் சுண்ணாம்பு மழையில் ஊறி இறங்குவதால் அதில் பூப்பதெல்லாம் ரோஸ். நாலடி தள்ளி, அதே தாய்ச்செடியிலிருந்து ஒடித்து வைத்த தம்பி கருநீலம். இரண்டுக்கும் நடுவில் நிற்பதில் ஒரே கொத்துக்குள் ஊதா, நீலம், வெளிர் ரோஸ் மூன்றும் கலந்திருக்கும். காபி பறிக்க வரும் அக்கா ஒவ்வொரு கோடையிலும், "இதுக்கு யாருய்யா சாயம் போடுறது?" என்று கேட்காமல் போகமாட்டார்.

உருண்டைப் பூங்கொத்துக்காரியைத்தான் ஊருக்குத் தெரியும். எனக்குப் பைத்தியம் பிடிக்க வைத்தது மலை ஹைட்ராஞ்சியா, செர்ரேட்டா. ஜப்பான், கொரிய மலைக்காடுகளில் பிறந்தது. இடுப்பளவு உயரம், ஒடிசலான இலை. கொத்து தட்டையாக இருக்கும். நடுவில் கடுகு கடுகாய் இருப்பவைதான் அசல் பூக்கள். தேனீக்கள் அதில்தான் புரளும். சுற்றி வளையமாய் நிற்பவை இதழே அல்ல, புல்லிகள். வயதானதும் அவை ஒவ்வொன்றாய்த் தலைகுப்புறக் கவிழ்ந்து, பச்சையும் செம்மையுமாய் மாறும். கவிழ்ந்த பிறகும் அழகாக இருக்க எத்தனை பூவுக்கு வரும்? இதில் ஒரு வகையின் இலையைப் பக்குவப்படுத்தி, ஜப்பானியர் ஏப்ரல் 8 புத்தர் பிறந்தநாளில் சீனி போடாமலே இனிக்கும் தேநீர் வைக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுத் தோட்டத்து இலையைக் கொதிக்க வைத்துவிடாதீர்கள். பொதுவாக ஹைட்ராஞ்சியா இலை வயிற்றுக்கு ஆகாது, ஆட்டுக்கும் ஆகாது.

வளர்ப்பதா, அது சுகமான வேலை. காலை வெயில், மதியம் நிழல்: சில்வர் ஓக் அடியில் காபி எப்படி நிற்கிறதோ அப்படி. உச்சி வெயிலில் இலை துவண்டு தொங்கினால் பதறி வாளியைத் தூக்க வேண்டாம், சாயங்காலம் தானே நிமிரும். நிமிராவிட்டால்தான் தண்ணீர். சருகு மூடாக்கு தாராளமாகப் போடலாம். சூப்பர் பாஸ்பேட் பக்கம் மட்டும் போகாதீர்கள், மணிச்சத்து அலுமினியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காபிச் சக்கை போட்டால் நீலமாகும் என்பது சும்மா பேச்சு. வடித்த சக்கையில் புளிப்பு ஏது? கவாத்து பூ வாடிய கையோடு முடிந்துவிட வேண்டும். போன வருடக் கிளையில்தான் இந்த வருடப் பூ. மொட்டு உருவாவதற்கு 18 டிகிரிக்குக் கீழே வாரக்கணக்கில் குளிர் வேண்டும். எங்கள் மார்கழி இரவுகள் அதைக் கேட்காமலே கொடுக்கின்றன. இருபது கொண்டை ஊசி வளைவு கீழே, சேலத்துக்குக் கொண்டுபோனால் இலையாகத் தழைக்கும், பூவுக்கு ஏங்க வேண்டியதுதான்.

மே மாதக் கோடைவிழாவுக்கு அண்ணா பூங்காவில் மலர்க்காட்சி பார்க்க வருகிறவர்கள் என் வேலியோரமும் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். எல்லாரும் குச்சி கேட்பார்கள். ஆடி மழையில் வாருங்கள் என்பேன். பூக்காத கிளையில் இரண்டு கணு விட்டு நறுக்கி, இலையைப் பாதியாகக் கத்தரித்து ஈர மணலில் செருகினால் போதும், சட்டென்று வேர் பிடிக்கும். குச்சி இலவசம். நீலம் வேண்டும் என்கிற சேலத்துக்காரர்கள், தயவுசெய்து மண்ணையும் ஒரு மூட்டை கேட்காதீர்கள்.