‘எல்லோருக்கும் நீர்’: கொள்கையும் குளத்தங்கரையும்

ஆசிய வளர்ச்சி வங்கி 2001 ஜனவரியில் ‘எல்லோருக்கும் நீர்’ என்ற தன் நீர்க் கொள்கையை ஏற்றது. குறை சொல்லக் கடினமான ஆவணம் அது. ஆற்றுப்படுகையை முழுதாகப் பார்த்துத் திட்டமிட வேண்டும், நீரைப் பயன்படுத்துவோரைக் கேட்க வேண்டும், ஏழைகளை விட்டுவிடக் கூடாது என எல்லா நல்ல வார்த்தைகளும் அதில் உண்டு. நீரைப் பொருளாதாரப் பண்டம் என்றும் அது சொன்னதால், தனியார்மயத்துக்குக் கதவு திறக்கிறார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் இந்தக் கொள்கை ஒரு திட்டத்துக்குள் எந்தக் கட்டத்தில் நுழைகிறது என்பதையே நான் பெரிய கோளாறாகப் பார்க்கிறேன்.

வங்கி பெருமையோடு காட்டும் ஊர் கம்போடியத் தலைநகர் நோம்பென். 1993இல் அங்கே குழாயில் விட்ட நீரில் 72 விழுக்காடு கசிவிலும் திருட்டிலும் போனது. நீர் வழங்கல் நிறுவனத்தின் தலைவராக வந்த எக் சோன் சான் எல்லா வீட்டுக்கும் மீட்டர் வைத்தார், அதிகாரிகளையும் விட்டுவைக்கவில்லை. கட்டணம் உயர்ந்தது, ஏழைகளுக்கு இணைப்புச் சலுகை கிடைத்தது, இழப்பு 6 விழுக்காட்டுக்கு இறங்கியது. மீட்டரும் கட்டணமும் வேண்டும் என்ற கொள்கையின் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனால் அந்த வேலை கொள்கைக்கு எட்டு ஆண்டு முன்பே தொடங்கியது. நடத்தியதும் அரசு நிறுவனம்தான்.

காத்மாண்டுவில் கதை வேறு. 27 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக நாளுக்கு 17 கோடி லிட்டர் கொண்டுவரும் மேலம்சி திட்டத்துக்கு 2000 டிசம்பரில் வங்கியின் 12 கோடி டாலர் கடன் ஒப்புதலானது. நகர விநியோகத்தைத் தனியாரிடம் தர வேண்டும் என்பது நிபந்தனை. அந்த முயற்சி 2007இல் அரசியல் எதிர்ப்பில் உடைந்தது. அதற்குள் உடன் நிதி தர முன்வந்திருந்த நார்வேயும் சுவீடனும் விலகியிருந்தன. நீர் நகரத்தைத் தொட்டது 2021 மார்ச்சில். ஜூனில் வந்த வெள்ளம் தலைமதகைச் சேறும் பாறையுமாக மூடிவிட்டது.

நமக்கு நெருக்கமான சான்று இலங்கையின் யாழ்ப்பாணம்–கிளிநொச்சி குடிநீர்த் திட்டம். யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறும் கிணற்று நீரே வாழ்வு. உரமும் மலக்குழியும் சேர்ந்து அந்த நீரில் நைட்ரேட்டை ஏற்றியிருக்கின்றன. ஆகவே தேவை உண்மையானது. 2010இல் வங்கி ஒப்புதல் அளித்த வடிவம், கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து அணைக்கட்டை உயர்த்தி, கூடுதலாகத் தேங்கும் நீரைக் குழாயில் யாழ்ப்பாணம் கொண்டுபோவது.

அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். இலங்கை உள்நாட்டுப் போர் முடிந்தது 2009 மே மாதம். குளத்தின் கீழ் வயல் வைத்திருந்தவர்களில் பலர் முகாமிலிருந்து அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வீடில்லாமல் நிற்பவரிடம் நடத்தும் கலந்தாலோசனைக்கு என்ன மதிப்பு? ஊர் நிலைகொண்ட பிறகு கமக்காரர் (உழவர்) அமைப்புகள் எழுப்பிய கேள்வி எளிமையானது: அணை உயர்ந்தால் கொள்ளளவு கூடும், மழை கூடுமா? நல்ல ஆண்டிலேயே சிறுபோகத்துக்கு (வறண்ட பருவச் சாகுபடிக்கு) எல்லா வயலுக்கும் நீர் எட்டாத குளம் அது. வறண்ட ஆண்டில் முதலில் யாருக்கு என்பதற்கு அவர்கள் நம்பக்கூடிய பதில் வரவில்லை. யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் எதிரெதிரே நிற்க நேர்ந்ததுதான் மிச்சம்.

வங்கி பிடிவாதம் பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குளத்து நீரை விட்டுவிட்டு, யாழ்ப்பாணக் கடலோரத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்க 2017இல் கூடுதல் நிதி கொடுத்தது. நாளுக்கு 2.4 கோடி லிட்டர் தரும் அந்த நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தவறிய திட்டத்தைக் கைகழுவாமல் மாற்றியது சிறிய விஷயமில்லை.

ஆனால் விலை? கடல்நீரை நன்னீராக்க ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 3 முதல் 4 அலகு மின்சாரம் ஆகும். முழு அளவில் ஓடினால் நாளுக்கு 72,000 அலகுக்குக் குறையாது. செலவைப் பயனாளர் கட்டணத்தில் மீட்க வேண்டும் என்று கொள்கை சொல்கிறது. இலங்கையில் மின்கட்டணம் 2022இல் கடுமையாக உயர்ந்தது. இந்தச் செலவை யாழ்ப்பாணத்துக் குடும்பம் தாங்குமா, திறைசேரி தாங்குமா என்பது நிலையம் கட்டும் முன் தீர்த்திருக்க வேண்டிய கணக்கு.

வங்கி 2005இல் தன் கொள்கையை மறுபரிசீலனைக்கு எடுத்தது. வெளியார் குழுவையும் கூட்டியது. அந்த நேர்மை பல அரசுகளிடம் கிடையாது. ஆனால் தொடர்ந்து வந்த 2006–2010 நிதித் திட்டத்தின் இலக்குகளில் முன்னே நின்றது, நீருக்கான முதலீட்டை இரட்டிப்பாக்கி ஆண்டுக்கு 200 கோடி டாலருக்கு மேல் கொண்டுபோவது. 20 கோடிப் பேருக்குக் குடிநீரும் சுகாதாரமும் என்ற இலக்கும் இருந்தது, மறுக்கவில்லை. எனினும் கடன் வேகமாகப் போக வேண்டும் என்று அலுவலருக்கு இலக்கு வைத்தால், குளத்தங்கரையில் ஓராண்டு உட்கார்ந்து பேச யார் துணிவார்?

நீரைப் பங்கிடும் உடன்பாடு உள்ளூர் அமைப்புகளின் கையெழுத்தோடு வந்த பிறகே கடனுக்கு ஒப்புதல் என்று வங்கி விதி வகுக்கட்டும். யாழ்ப்பாணத் திட்டத்தின் வெற்றி தோல்வியை மதிப்பிடும்போது இரணைமடுக் கமக்காரர்களையும், நிலையம் அமைந்த தாளையடியின் கடற்றொழிலாளர்களையும் கேட்டு எழுதட்டும்.